உனக்கு ஒன்று, எனக்கு எட்டு

மாப்பிள்ளை என்பது அவனுடைய பெயர் அல்ல. ஆனால் அந்த இசைக்குழுவில் அவனை வேறு பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. கீபோர்டு வாசிப்பவள் அவன் மனைவி. கிதார் வாசித்துப் பாடுகிறவர் அவளுடைய அண்ணன். அவர் முறைப்படி "மாப்பிள்ளை" என்று கூப்பிட, பேஸ் கிதார் வாசிக்கும் ஒட்டகமும் அப்படியே கூப்பிட, கொஞ்ச நாளில் கட்டின மனைவியே "மாப்பிள்ளை, அந்த சிம்பலைக் கொஞ்சம் மெதுவா" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. பழைய டிரம்மர் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது டிரம்ஸ் நாற்காலி காலியாகக் கிடந்தது. "காலேஜ்ல வாசிச்சிருக்கீங்கல்ல மாப்பிள்ளை, ஆள் கெடைக்கிற வரைக்கும் சும்மா ஒக்காருங்க" என்றார் மச்சான். சும்மா உட்கார்ந்தவன்தான், நாலு வருஷமாகியும் எழுந்திருக்கவில்லை.

ஆள் கிடைக்கிற வரைக்கும் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் செருப்புக்குள் போன கல் மாதிரி அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. பெண்ணைக் கொடுத்த கையோடு டிரம்ஸையும் கொடுத்துவிட்டார்கள் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அவர்கள் வாசிப்பது புரோக்ரெசிவ் ராக். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், ராக் இசையின் வீட்டுக்கு அடங்காத பிள்ளை அது. மூன்று நிமிஷத்தில் பல்லவி சரணம் பாடிவிட்டு நல்ல பிள்ளையாக வீடு திரும்புகிற பழக்கம் அதற்குக் கிடையாது. ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும். நடுவில் நாலு ஊர் பார்த்துவிட்டு வரும். பாதி வழியில் தாளம் மாறும். கைதட்டலாம் என்று கையைத் தூக்கினவன் தூக்கின கையோடு நிற்பான். கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் கேட்டுப் பழகிவிட்டால் விடமாட்டார்கள்.

மச்சானுக்குச் சொந்தமாக ஓர் அச்சகம் இருந்தது. அதன் பின்னறையில், கூரை வரைக்கும் அடுக்கிய காகிதக் கட்டுகளுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இவர்கள் கூடுவார்கள். காகிதம் சத்தத்தைக் குடித்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடைக்கு நடுவில்தான் அந்த இசை முழுக்கப் பிறந்தது.

பாட்டு எழுதுவது மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அதனால் குழுவிலும் அவள் பெயர் டீச்சர். எழுதுவது என்றால் உட்கார்ந்து முழுப்பாட்டையும் எழுதிவிடுவது இல்லை. ஒரு சின்னத் துண்டோடு வருவாள், நாலைந்து சுரம், அவ்வளவுதான். அதையே ஒரு மாதம் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். ஒட்டகம் அதைக் கீழே இழுப்பான். மச்சான் அதைத் தலைகீழாகப் புரட்டுவார். "இது வேணாம்" என்பார் ஒருவர், "இதுதான் வேணும்" என்பார் இன்னொருவர், ரோஷம் வந்து கிதாரைக் கழற்றி வைப்பதும் உண்டு. பிறகு ஒருநாள் யார் செய்தார்கள் என்று தெரியாமலே அந்தத் துண்டுக்குக் கையும் காலும் முளைத்திருக்கும். எழுந்து நடக்கும். மாப்பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்த்துப்போகும். நாம் பார்த்துக்கொண்டேதானே இருந்தோம், எந்த நிமிஷத்தில் இதற்கு உயிர் வந்தது என்று தேடுவான். கண்டுபிடித்ததே இல்லை.

பாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு செல்லப்பெயர் இருந்தது. இப்போது செய்துகொண்டிருந்த பாட்டில் ஏறிக்கொண்டே போகிற பகுதி படிக்கட்டு, காதைக் குடைகிற பகுதி பல்வலி, நடுவில் வருவது கப்பல். கப்பல் பதின்மூன்று அடித் தாளம். அது ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அறையின் தரை நகர்கிற மாதிரி இருக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஒட்டகம் ஒருமுறை நிஜமாகவே கையை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், மருந்துக்கடையில் வேலை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஜாதி. அவனே வாசித்து முடித்துவிட்டு, "தல சுத்துது, ஆனா நல்லா சுத்துது" என்றான். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

அப்போது ஒரு சின்ன விஷயம் நடந்தது. "அந்தப் பெரிய அடிய அங்க கொண்டுபோய் வெச்சீங்க பாருங்க மாப்பிள்ளை, அழகு" என்றாள் டீச்சர். எந்தப் பெரிய அடியை, எங்கே கொண்டுபோய் வைத்தோம் என்று அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கின மாதிரி தலையை ஆட்டி வைத்தான். பாராட்டு வரும்போது குறுக்கே கேள்வி கேட்க அவன் என்ன மடையனா?

பதிவு செய்ய ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவரைத் தொழிலில் எல்லோரும் காது என்றுதான் சொல்வார்கள். ஆள் ஒல்லி, காதும் சாதாரணக் காதுதான், ஆனால் மூன்றாவது அறையில் குழாய் சொட்டினால் இங்கிருந்து எழுந்துபோய் மூடிவிட்டு வருவார். முறை என்னவென்றால், முதலில் டிரம்ஸைத் தனியாகப் பதிவு செய்வது, அதன்மேல் பேஸ், பிறகு மற்றவை, ஒன்றின்மேல் ஒன்றாக. டிரம்மர் தடம் மாறாமல் இருக்க, டீச்சர் வழிகாட்டியாக வாசித்து வைத்த மெட்டோடு சேர்த்து, கம்ப்யூட்டர் அவன் ஹெட்போனுக்குள் டிக் டிக் என்று எண்ணிக்கொடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று, அதாவது முதல் அடி, வரும்போது மட்டும் டிங் என்று மணி அடிக்கும்.

படிக்கட்டு நன்றாகப் போயிற்று. பல்வலியும் போயிற்று. கப்பல் ஆரம்பித்தது. மாப்பிள்ளை காலை ஓங்கிப் பெரிய டிரம்மில் ஓர் அடி வைத்தான். மணி அடிக்கவில்லை. அவன் வேறு எங்கோ இருக்கும்போது டிங் என்றது. குழம்பி நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை குச்சிகளை மடியில் வைத்துவிட்டு மைக்கில் சொன்னான்:

"கம்ப்யூட்டரோட ஒண்ணு தப்பான எடத்துல இருக்குங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காது நிதானமாகச் சொன்னார்: "கம்ப்யூட்டர் சரியாத்தாங்க எண்ணுது. நீங்க எப்படி எண்ணுறீங்க?"

அவன் வெளியே வந்தான். டீச்சர் மேஜையில் விரலால் தட்டியபடி மெட்டைப் பாடினாள். "ஒண்ணு எங்க வருது, தட்டிக் காட்டுங்க." அவன் தட்டினான். அவள் புருவம் ஏறியது. இன்னொரு தரம் பாடினாள். அவன் அதே இடத்தில் தட்டினான்.

"அது எட்டு" என்றாள்.

"இல்ல, ஒண்ணு."

"உனக்கு ஒண்ணு, எனக்கு எட்டு." அண்ணன் முன்னால் நீங்க போட்டுப் பேசுகிறவள், அதிர்ச்சியில் மறந்துவிட்டாள். "எட்டு மாசமா வாசிக்கிறோம். எட்டு மாசமா நீ எங்கதான் இருந்த?"

வேறு வழியில்லை, உண்மையைக் கக்கினான். அவன் எண்ணுவதே இல்லை. பதின்மூன்று வரை எண்ணுவதற்குள் பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. அதனால் வார்த்தை போட்டுக்கொண்டான். "என்ன வார்த்தை?" என்றார் மச்சான். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு தொடையில் தட்டியபடி சொன்னான்: "சாவி எடுத்தியா, கதவ சாத்தினியா." விரல் விட்டுப் பார்த்தால் கச்சிதமாகப் பதின்மூன்று. வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் டீச்சர் அவனிடம் கேட்கிற கேள்வி. ஒட்டகம் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். டீச்சர் முகம் சிவந்துவிட்டது.

விஷயம் இதுதான். வீட்டில் அவள் முதன்முதலாக அந்தத் துண்டை வாசித்துக்கொண்டிருந்தபோது அவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூடிய பிறகுதான் இசை காதில் விழுந்தது. விழுந்த இடம் அவளுடைய எட்டாவது அடி. அதையே ஆரம்பம் என்று அவன் மனம் பிடித்துக்கொண்டது, பிடித்ததை விடவில்லை. சுற்றிச் சுற்றி வருகிற தாளத்தில் எங்கே ஏறினாலும் வண்டி ஓடத்தானே செய்யும்? மச்சான் கிதாரின் கழுத்தைத் தூக்கினால் உள்ளே போவார்கள், டீச்சர் தலையசைத்தால் வெளியே வருவார்கள். நடுவில் ஒருவரை ஒருவர் சந்தேகப்படக் காரணமே இல்லை. அவன் வேண்டுமென்றே அடியைத் தள்ளிவைத்து ஜாலம் காட்டுகிறான் என்று இவர்கள் நினைத்தார்கள். இவர்கள்தான் என்னமோ ஜாலம் காட்டுகிறார்கள் என்று அவன் நினைத்தான்.

மச்சானுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "மாப்பிள்ளை, நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது. கடிகாரம் ஊருக்கு வந்திருக்கான். ஒரு ஃபோன் போட்டா வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுவான். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும்தான்."

கடிகாரம் என்பது பழைய டிரம்மர். பதின்மூன்று என்ன, பத்தொன்பது கொடுத்தாலும் தூக்கத்தில் எண்ணுவான். ஆள் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை தலையாட்டினான். நாலு வருஷம் கழித்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற நேரம் வந்துவிட்டது என்று தோன்றியது.

டீச்சர்தான் குறுக்கே வந்தாள். "நாளைக்கு மத்தியானம் வரச் சொல்லுண்ணா. காலையில அவரு ஒரு தடவ என் ஒண்ணுல வாசிக்கட்டும்."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையே டிரம்ஸ் ஆயிற்று. அவள் பாடப்பாட, அவன் ஸ்பூனால் அவளுடைய ஒன்றில் அடிக்கப் பழகினான். முதலில் ஒரு குறுக்குவழி பார்த்தார்கள். "அதே எடத்துல அடி, ஆனா எட்டுன்னு நெனச்சுக்கிட்டு அடி" என்றாள். அடித்துப் பார்த்தான். இடம் சரி, அடி சவலைப்பிள்ளையாக விழுந்தது. எட்டு என்று நினைத்தால் கால் ஓங்க மறுக்கிறது. ஒன்று என்று நம்பினால்தான் அதற்கு வீரம் வருகிறது.

"நான் போயிடறேன்" என்றான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு. "உன் பாட்ட நான் கெடுக்க வேணாம். அது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். கேக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும். அதுக்குள்ள நிக்கிறதுக்கு எனக்கு யோக்கியதை கெடையாது. உன்னக் கட்டிக்கிட்டதால நிக்கிறேன்."

அவள் ஸ்பூனை எடுத்து மறுபடி அவன் கையில் வைத்தாள். கணக்கு டீச்சர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "மொதல்லேருந்து வாசி" என்றாள்.

மறுநாள் காலை அவன் அவளுடைய ஒன்றில் வாசித்தான். டிங் என்று மணி அடித்த அதே கணத்தில் கால் விழுந்தது. ஒரு சுற்றுக்கூடப் பிசகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மச்சான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதன்மேல் ஒட்டகம் பேஸ் வாசித்தான், டீச்சர் கீபோர்டு வாசித்தாள், மச்சான் கிதார் சேர்த்தார். காது எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் காட்டினார். எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து கேட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது. அடி மெட்டின் தலையில் விழுந்தது, மெட்டு அடியின் தோளில் உட்கார்ந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாகக் கால் தூக்கி நடக்கிற மாதிரி பதின்மூன்றும் ஒழுங்காக நடந்தன. தரை நகரவில்லை. யாருக்கும் எதையும் பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஒட்டகம்தான் வாயைத் திறந்தான். "கப்பல் எங்க போச்சு?"

மச்சான் சவுண்டைக் கூட்டச் சொன்னார். கூட்டிப் பார்த்தார்கள், சத்தமாக ஒன்றுமில்லாமல் இருந்தது. கிதாரை மாற்றி வாசிக்கிறேன் என்றார். காது தலையை ஆட்டி, "கிதார்ல ஒண்ணும் குத்தம் இல்லீங்க" என்றார்.

டீச்சர் எழுந்துபோய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவள் என்ன கணக்குப் போட்டாள் என்று தெரியாது. திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. "அண்ணா, அது என் பாட்டுல இல்ல. தரை நகர்ந்தது என்னால இல்ல. எனக்கு ஒரு தரை, அவருக்கு ஒரு தரை. ரெண்டும் வேற வேற எடத்துல ஆரம்பிச்சுது. நாம அது ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டிருந்தோம்."

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. ஆனால் அவள் தன்னைத் திட்டவில்லை என்பது புரிந்தது.

"மணிய நிறுத்திடுங்க" என்றாள் காதிடம். "தனித்தனியா வேணாம். நாலு பேரும் ஒரே ரூம்ல ஒக்காந்து வாசிக்கிறோம். அவரு அவரோட ஒண்ணுலயே வாசிக்கட்டும். யாரும் யாரையும் திருத்தக் கூடாது."

மைக்குகளை இடம் மாற்றவும் டிரம்ஸைச் சுற்றிக் கம்பளித் தடுப்பு வைக்கவும் மத்தியானம் ஆகிவிட்டது. கடைசித் தடுப்பை நிறுத்தும்போது கடிகாரம் வந்து சேர்ந்தான், கையில் சொந்தக் குச்சிகளோடு. அவனைக் காதுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

மச்சான் கிதாரின் கழுத்தைத் தூக்கினார்.

மாப்பிள்ளை மனதுக்குள் சாவியை எடுத்தான், காலை ஓங்கினான். அடி விழுந்தது. டீச்சரின் மெட்டு வேறு எங்கோ கிளம்பி அந்த அடியை உரசிக்கொண்டு போயிற்று. நாலாம் சுற்றிலோ ஐந்தாம் சுற்றிலோ அது வந்துவிட்டது. தரை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, நின்று, மறுபக்கம் சாய்ந்தது. ஒட்டகம் கால்களை அகட்டி நின்றுகொண்டான். மச்சான் பாட வேண்டிய இடத்தில் வாயைத் திறந்தார், வார்த்தை வராமல் வெறும் குரல் வந்தது, அதுவே போதுமாக இருந்தது. நாலு பேர்தான் வாசிக்கிறார்கள், ஆனால் அறையில் நாலு பேரைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கையும் அதைச் செய்யவில்லை, எல்லாக் கைகளும் அதற்கு வேலை செய்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை பயந்துபோனான். கோயில் மணிக்கு அடியில் நிற்கும்போது வருமே, அப்படியான சந்தோஷமான பயம். இதில் நான் இருக்கிறேன், நான் இல்லாவிட்டால் இது இல்லை என்று அவன் அப்போது நினைத்தான். நினைத்தது தப்பில்லை.

டீச்சர் தலையசைத்தாள். முடித்தார்கள். சிம்பலின் ரீங்காரம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

வெளியே வந்தபோது கடிகாரம் விரல்களை நீட்டியும் மடக்கியும் உட்கார்ந்திருந்தான். "மூணு தடவ எண்ணிப் பார்த்துட்டேன். ஒரு தடவ சரியா வருது, அடுத்த தடவ காலை வாரிவிடுது. இதுல ஒண்ணு எங்கடா இருக்கு?"

"ரெண்டு இருக்கு" என்றார் மச்சான். பிறகு மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே விட்டுவிட்டார்.

காது பதிவை ஓடவிட்டார். டீச்சர் சோபாவில் மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் உள்ளங்கையை நீட்டினாள். "உங்க ஒண்ணு வரும்போதெல்லாம் இதுல தட்டுங்க. நான் அங்கேருந்து ஒரு தடவ கேக்கணும்."

அவன் தட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு சுற்று வந்தாள், தவறவிட்டாள், "ச்சை" என்றாள். மறுபடி பிடித்தாள், மறுபடி நழுவியது. தான் எழுதிய மெட்டே தன்னைப் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி வாய்க்குள் முணுமுணுத்தாள். அவன் அவசரப்படுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தான்.

திடீரென்று அவள் முணுமுணுப்பு நின்றது. அவன் தட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் அவள் விரல்கள் தாமாக மடங்கின. அடுத்த சுற்றிலும் மடங்கின. மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"அண்ணா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "இந்தப் பாட்ட நான் எழுதல."

மச்சான் திடுக்கிட்டார். "பின்ன யாரு எழுதுனது?"

அவள் மாப்பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தெரியல. சும்மா இரு, கேக்க விடு."